ஹம்சவேணியின் இடுப்பு

ஹம்சவேணிக்கு இடுப்பு வலி என்று யாராவது சொல்லியிருந்தால் முனிச்சாலைப் பெண்கள் நம்பியே இருக்க மாட்டார்கள். "போய் வேற வேலை இருந்தாப் பாரு" என்று துரத்தியிருப்பார்கள். நின்ற இடத்திலேயே பின்னால் வளைந்து, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, கையாலேயே நடந்து வந்து தன் குதிகாலைத் தானே பிடித்துக்கொள்கிற மனுஷிக்கு எங்கிருந்து வரும் இடுப்பு வலி? அதுவும் நாற்பத்தேழு வயதில்! இருபது வயதுப் பிள்ளைகளே ஷூ லேஸ் கட்டக் குனிந்தால் 'அம்மா' என்கிற காலம் இது.

யோகா சங்கம் வருஷா வருஷம் அடிக்கிற காலண்டரில் அவள் அப்படி வளைந்திருக்கிற படம்தான். தெருவில் அவளுக்கு 'ரப்பர் அக்கா' என்று பெயர். ஒரு ஜவுளிக் குடோனின் மாடி ஹாலில், அடுப்பு பற்ற வைப்பதற்கு முன்னால் வந்துவிட்டுப் போகிற பெண்களுக்கு அவள் வகுப்பு எடுத்தாள். எந்த ஆசனத்தையும் வாயால் மட்டும் சொல்ல மாட்டாள். முதலில் தானே செய்து காட்டுவாள், கடைசி எல்லை வரைக்கும் போய்க் காட்டுவாள். "டீச்சருன்னா செஞ்சு காட்டணும். வாயால சொல்றதுக்கு ரேடியோ போதும்" என்பாள். அந்தப் பேச்சுத்தான் பின்னால் அவளைப் படுத்தி எடுத்தது.

ஒரு மார்கழிக் காலையில் குளியலறையில் சோப்பு நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் நிமிர முடியாமல் அப்படியே நின்றாள். முதுகின் அடியில், பாவாடை நாடா கட்டுகிற இடத்தில், யாரோ ஆணியை வைத்து அடித்த மாதிரி இருந்தது. ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் பாட்டுக்கு வாளி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து அவள் கணவர் வெங்கடேஷ்பாபு கதவைத் தட்டினார். விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் சேலைப் பிரிவைப் பார்க்கிறவர், அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். வீட்டுக்குள் அவர்கள் சௌராஷ்ட்ராதான் பேசுவார்கள். தமிழில் சொன்னால்தானே நமக்குப் புரியும்!

"வேணி, எம்புட்டு நேரம்? கடைக்கு நேரமாச்சு."

"இந்தா வாரேன்."

வருகிறாளாம்! குழாயை விட்டால் விழுந்துவிடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு, சுவரில் கையை ஒவ்வொரு சாணாக மேலே ஏற்றி, ஒருவழியாக நிமிர்ந்து வெளியே வந்தாள்.

"ஏன் கண்ணு செவந்திருக்கு?"

"சோப்பு பட்டுருச்சு."

இடுப்பு வலித்தால் ஊரில் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? தைலம் தேய்ப்பார்கள், படுப்பார்கள், டாக்டரிடம் போவார்கள். யோகா டீச்சர் என்ன செய்வாள்? இன்னும் நன்றாக வளைவாள். வலிக்கிற இடம் இறுகிப்போன இடம், இறுகிய இடத்தை நீட்டிவிட்டால் வலி போய்விடும் என்பது அவர்கள் வட்டாரத்தில் எல்லோரும் நம்புகிற சங்கதி. ஹம்சவேணியும் நீட்டினாள். நீட்டினவுடன் ஒரு சுகம் வரும், அரை நாள் நிற்கும். மறுநாள் வலி இன்னும் கொஞ்சம் கூடி வந்து உட்காரும். இன்னும் நீட்டுவாள். ரெண்டு வருஷம் இந்தக் கூத்து நடந்தது, யாருக்கும் தெரியாமல்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டால், அதற்கு அவளுடைய பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணமான நாலாவது வருஷம், பிறந்த பிள்ளை கண்ணைத் திறக்காமலே போய்விட்டது. அதற்குப் பிறகு வயிறு திறக்கவில்லை. வீட்டின் நடு அறையில், ஜன்னல் இல்லாத அறை அது, சுவரைப் பார்த்துப் படுத்தவள் வருஷக் கணக்கில் எழவே இல்லை. தலை வாரிவிட ஆள் வேண்டும், சோற்றைப் பிசைந்து கையில் வைக்க ஆள் வேண்டும். விசேஷ வீடுகளில் அவளைப் பற்றிக் குசுகுசுவென்று பேசினார்கள், சிலர் குசுகுசு கூட இல்லாமல் பேசினார்கள். கடைசியில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, தெப்பக்குளத்துக் கரையில் நடக்கிற யோகா வகுப்புக்கு அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். முதல் நாளே ஹம்சவேணி காலை நீட்டி உட்கார்ந்து, குனிந்து, முழங்காலில் முகத்தை வைத்துவிட்டாள். சுற்றி இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அவள் மூட்டெல்லாம் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், கட்டை விரலை மணிக்கட்டோடு மடக்குவாள். அது ஒரு கெட்டிக்காரத்தனம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. பாவப்பட்டவளாகப் பார்த்த கண்கள் முதல் தடவையாக அவளை வேறு மாதிரி பார்த்தன. அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்த அறையை விட்டு வெளியே வந்தாள்.

இப்போது அந்த உடம்பு போய்விட்டால்? மறுபடியும் நடு அறைதான். வலி கூட அவளுக்குப் பெரிசில்லை, அந்த அறைதான் பயம்.

பங்குனியில் ஒரு நாள், வகுப்பில் பாம்பு தலை தூக்குகிற மாதிரிப் புஜங்காசனம் காட்டிக்கொண்டிருக்கும்போது இடது கால் மரத்துப்போனது. கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. "எல்லாரும் அப்படியே சவாசனத்துல படுங்க" என்று சொல்லிவிட்டு அவளும் படுத்துக்கொண்டாள். அன்றைக்குச் சவாசனம் ரொம்ப நேரம் நீண்டது. பெண்களில் ஒருத்தி குறட்டையே விட்டாள். அதற்கப்புறம்தான், தங்கள் ஆட்கள் யாரும் போகாத ஓர் ஆஸ்பத்திரியாகப் பார்த்து, மாட்டுத்தாவணிக்கு அந்தப் பக்கம் போய் ஸ்கேன் எடுத்தாள்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அடி முதுகில் ஒரு எலும்பு தன் இடத்தை விட்டு முன்னால் நகர்ந்திருக்கிறதாம். "யோகாவ விட்டுருங்கம்மா. பின்னால வளையிறது அறவே கூடாது. இன்னும் நகந்துச்சுன்னா ஆபரேஷன்தான்."

"விட்டா நான் என்ன சார் பண்ணுவேன்?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, குரலைத் தணித்துக்கொண்டார். "அண்ணா நகர்ல தமிழ்ச்செல்வின்னு ஒரு பொண்ணு பிலாட்டீஸ் சொல்லித் தருது. அங்க போய்ப் பாருங்க. இடுப்பைத் தாங்குற தசைக்கு மொதல்ல பலம் வரட்டும், மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்."

பிலாட்டீஸ்! அது சினிமா நடிகைகள் உடம்பைக் குறைக்கச் செய்கிற எதுவோ என்றுதான் ஹம்சவேணி நினைத்திருந்தாள். வகுப்பில் யாரோ ஒருத்தி அதைப் பற்றிக் கேட்டபோது, "யோகாவுல இல்லாததா அதுல இருக்கு?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தவள்தான் இவள். வெயிலில் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, பஸ்களைப் போக விட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கேட்பாரில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

தமிழ்ச்செல்வி எழுமலைக்காரி. நல்ல உயரம், முப்பது வயதிருக்கும். காலேஜில் கபடி ஆடியவள், முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆட்டம் போனது. அதைச் சரிபண்ணப் போன இடத்தில் பிலாட்டீஸைப் பிடித்துக்கொண்டு, சென்னையில் படித்துவிட்டு வந்து, ஒரு செல்போன் கடைக்கு மேல் இடம் பிடித்து நடத்துகிறாள். உள்ளே பாய்கள் விரித்திருந்தன. ஓரத்தில் கட்டில் மாதிரி ஒன்று கிடந்தது, அதில் மெத்தை முன்னும் பின்னும் நகரும், ஸ்பிரிங் பிடித்து இழுக்கும்.

"யோகா டீச்சராக்கா நீங்க?"

ஹம்சவேணி திடுக்கிட்டாள். "யாரு சொன்னா?"

"நிக்கிறதப் பாத்தாலே தெரியுதே. முட்டியப் பின்னால பூட்டி, எலும்பு மேல எலும்ப அடுக்கி நிக்கிறீங்க. தசைக்கு வேலையே குடுக்கல. சரி, பின்னால லேசா வளைங்க, பாப்போம். லேசாத்தேன்."

லேசாக வளைந்தாள். வழக்கமாக அந்த இடத்தில் பார்க்கிறவர்களிடமிருந்து 'ஆத்தீ!' என்று ஒரு சத்தம் வரும். தமிழ்ச்செல்வி அப்படி வியக்காமல் பின்னால் வந்து, முதுகில் ஒரே ஒரு விரலை வைத்தாள். ஆணி இறங்குகிற அதே இடம்.

"அக்கா, நீங்க வளையல. மடங்குறீங்க. மேல் முதுகு அப்படியே நிக்கிது, தொடைப்பக்கமும் அப்படியே நிக்கிது. அம்புட்டுப் பாரமும் இந்த ஒரு எடத்துல வந்து ஒக்காருது. கதவக் கீல்ல போட்டு ஆட்டுற மாதிரி ஆட்டிக்கிட்டு இருக்கீங்க. கீலு தேயாம என்ன செய்யும்?"

"எறுகிப்போய்த்தான வலிக்கிது? நான் தெனமும் நீட்டிக்கிட்டுத்தான இருக்கேன்."

"எறுக்கமே இல்லக்கா அங்க. ஏற்கெனவே தொளதொளன்னு இருக்கு. அதைப் போயி இன்னும் நீட்டுனா?"

பாயில் மல்லாக்கப் படுக்கச் சொன்னாள். முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையில் வைத்து, இடுப்பு துளியும் அசையாமல் ஒரு பாதத்தை மட்டும் ஒரு விரற்கடை தூக்க வேண்டும். அவ்வளவுதான். ஹம்சவேணிக்குச் சிரிப்பு வந்தது. குதிகாலைப் பிடிக்கிறவளிடம் வந்து பாதத்தைத் தூக்கு என்கிறாளே! தூக்கினாள். இடுப்பெலும்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து கொடுத்தது. இன்னொரு தடவை முயன்றாள். வயிறு பானை மாதிரி மேலே கிளம்பிற்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினாள். கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றி வேர்த்தது, இடுப்பு ஆடிற்று. எப்படிச் செய்தாலும் ஆடிற்று. அந்த விரற்கடை உயரம் அவளால் முடியவில்லை.

"மூச்ச வயித்துக்கு அனுப்பாதீங்க. விலா ரெண்டு பக்கமும் அகலமாகட்டும். விடும்போது அடிவயித்த உள்ளுக்கும் மேலுக்கும் வாங்குங்க. ஒண்ணுக்கு வந்தா அடக்குவோம்ல, அங்க இருந்து ஆரம்பிங்க."

ஹம்சவேணி கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணீர் பக்கவாட்டில் ஓடிக் காதுக்குள் போனது. யோகாவில் பதினெட்டு வருஷம்! பதினெட்டு வருஷமாகத் தன் உடம்பைத் தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே.

இருந்தாலும் மறுபடி போனாள். வாரத்தில் ரெண்டு மூன்று நாள், தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் தலையைக் குனிந்து உட்கார்ந்து போனாள். கள்ளத்தனமாகக் காதலனைப் பார்க்கப் போகிறவள் கூட இம்புட்டுப் பயந்திருக்க மாட்டாள். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. பாதத்தைத் தூக்கு, இறக்கு, முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகத் தரையிலிருந்து உரித்து எடு, ஒவ்வொரு கணுவாகத் திரும்ப வை. பார்க்கிறவனுக்கு இதில் ஒன்றுமே தெரியாது. செய்கிறவளுக்குச் சேலை நனைந்துவிடும். பதிலுக்கு, ராத்திரி தூக்கம் வரவில்லை என்ற தமிழ்ச்செல்விக்கு அவள் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தாள்.

ஒரு நாள் அது நடந்தது. மூச்சை விட்டுக்கொண்டே பாதத்தைத் தூக்கினாள், இடுப்பு வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அடிவயிற்றின் ஆழத்தில் எதுவோ மெதுவாகக் கூடி, மேலேறி, முதுகை உள்ளிருந்து தாங்கிற்று. ஆணி இறங்கவில்லை. ஹம்சவேணி அப்படியே கிடந்தாள். 'மூலபந்தம் பிடிங்க, மூலபந்தம் பிடிங்க' என்று தன் வகுப்பில் தினமும் பஜனை மாதிரி சொல்லி வந்திருக்கிறாளே, அடியிலிருந்து இறுக்கிப் பிடிக்கிற அந்தக் கட்டு இதுதானா? ஒரு நாள் கூட அவள் அதைப் பிடித்ததில்லை. வார்த்தையைத்தான் பிடித்து வைத்திருந்தாள்.

"தமிழு, இது எங்க யோகாவுல இருக்குறதுதான்டீ!" என்று எழுந்து உட்கார்ந்து கத்தினாள்.

"இருக்கும்க்கா. யாரு இல்லன்னது? நீங்க அந்த வீட்டு வாசல்லயே நின்னு வித்தை காட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க. இது உள்ள போறதுக்கு ஒரு வழி, அம்புட்டுத்தேன்." அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "யோகாவ விடணும்னு நான் சொல்லவே மாட்டேன். எனக்கு இங்க உடம்பு வேலை செய்யிது, ஆனா மனசு அடங்க மாட்டேங்குது. நீங்க சொல்லிக் குடுத்த மூச்சப் பண்ணிட்டுப் படுத்தாத்தேன் தூக்கம் வருது. ஒங்க கிட்ட இருக்குறது எனக்கு இல்ல. ஒங்களுக்கு இல்லாதது இங்க இருக்கு. ரெண்டையும் வச்சுக்கிருவோமே, யாரு கேக்கப்போறா?"

அதற்குப் பிறகு, சும்மா நிமிர்ந்து நிற்கிற தாடாசனத்தில் நின்றால் கூட அவளுக்கு வேறு மாதிரி இருந்தது. கால் தரையைப் பிடித்தது. சூரிய நமஸ்காரத்தில் மூட்டில் தொங்காமல் இறங்கப் பழகினாள். தமிழ்ச்செல்வி ஒன்றில் மட்டும் கறாராக இருந்தாள். பின்னால் வளைவது கூடாது, தான் சொல்கிறவரைக்கும் கூடாது. அப்புறம் ஒரு நாள் சொன்னாள்: "க்ளாஸ்ல இதச் சொல்லிருங்கக்கா. ஒங்களப் பாத்துத்தான அவங்களும் வளையிறாங்க."

"சொல்றேன்" என்றாள் ஹம்சவேணி. சொல்லவில்லை. சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அந்த ஜன்னல் இல்லாத அறை முன்னால் வந்து நின்றது. ரப்பர் அக்காவுக்கு இடுப்பு போய்விட்டது என்று தெரிந்தால் நாளைக்கு எவள் பாயைச் சுருட்டிக்கொண்டு வருவாள்? மறுபடியும் அந்தப் பாவப் பார்வை. அதற்குச் சாவது மேல் என்று நினைத்தாள். ஆகவே ஒரு பொய் சொன்னாள். தான் ஒரு விரதத்தில் இருப்பதாகவும், கொஞ்ச காலம் வாயால் மட்டுமே சொல்லப் போவதாகவும் சொன்னாள். பெண்கள் பக்தியோடு தலையாட்டினார்கள். செய்து காட்டுகிற வேலையைக் கனகலட்சுமியிடம் கொடுத்தாள்.

கனகலட்சுமிக்கு முப்பத்திரண்டு வயது. பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டு வந்தவள், மாமியார் நாத்தனார் என்று கூட்டமான வீடு. அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்கென்று இருக்கிற நேரம். ஹம்சவேணியைப் போலவே தளர்ந்த மூட்டுக்காரி. ஹம்சவேணி என்ன செய்தாலும் மறுநாள் அவள் செய்துவிடுவாள், ஹம்சவேணியின் கொண்டையைக் கூட அப்படியே போட்டுக்கொள்வாள்.

ஆனி வந்தது. யோகா தினத்துக்குச் சங்கம் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்திருந்தது. கடைசி நிகழ்ச்சி எப்போதும் ஹம்சவேணி நின்ற நிலையில் பின்னால் வளைந்து போடுகிற சக்ராசனம்தான். செயலாளர் ஜனகராஜ் வந்து, "ஏம்மா, இந்த வருசம் கலெக்டராபீஸ்ல இருந்தெல்லாம் ஆள் வாராங்க, அசத்திப்புடணும்" என்றார்.

"இந்த வருசம் கனகா பண்ணட்டும்ண்ணே. எத்தன நாளைக்கு நானே பண்றது?"

"பெரிய மனசும்மா ஒனக்கு!" என்றார் அவர். எல்லோரும் அதையே சொன்னார்கள். பெரிய மனசாம்! தப்பிக்க ஒரு சந்து கிடைத்ததென்று அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

விழா அன்று காலை, மேடைக்குப் பின்னால் மணமகள் அறையில் கனகலட்சுமி உடம்பைப் பதமாக்கிக்கொண்டிருந்தாள். ஹம்சவேணி அவளுக்குச் சேலைப் பின் குத்திவிட ஊக்குகளை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். கனகலட்சுமி சுவரில் கையை வைத்துப் பின்னால் வளைந்தாள். ஹம்சவேணி பார்த்தாள். மேல் முதுகு அப்படியே நின்றது. தொடை அப்படியே நின்றது. அந்த ஒரு இடம் மட்டும் மடங்கிற்று. நிமிர்ந்ததும் கனகாவின் கை தானாக அங்கே போய் அழுத்திக்கொண்டது.

இத்தனை நாளாகக் கனகா இதே கண்ணுக்கு முன்னால்தானே வளைந்தாள்? தன் வலியையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இது தெரியவில்லை.

"கனகா, அங்க வலிக்கிதா?"

"கொஞ்சம்தான்க்கா. தும்முனாத்தான் ரொம்பக் குத்துது. மருமகளுக்குத் தும்மக்கூட நேரமில்லைன்னு மாமியாரு சிரிக்கிறாங்க." அவளும் சிரித்தாள். "நல்லா நீட்டி விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ராத்திரி கூட நீட்டுனேன்."

"இன்னைக்கு வேணாம். போடாத."

கனகாவின் சிரிப்பு நின்றது. "என்னக்கா சொல்றீங்க? வெளிய எங்க வீட்டாளுங்க அம்புட்டுப் பேரும் வந்து ஒக்காந்திருக்காங்க. மொத தடவையா எங்க மாமியாரு என்னையப் பாக்க வந்திருக்காங்க."

"சொன்னாக் கேளுடீ. இடுப்பு போயிரும்."

"ஒங்களுக்கு ஒரு நாளாவது போச்சா? எத்தன வருசமாப் போடுறீங்க! ஒரு நாளாவது வலின்னு சொல்லியிருக்கீங்களா?"

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். கதவு சாத்தியிருந்தது, அவர்கள் இரண்டு பேர்தான். 'எனக்கும் போச்சுடீ கனகா' என்று ஒரு வார்த்தை. ஹம்சவேணி கையிலிருந்த ஊக்கைத் திறந்து திறந்து மூடினாள். அதற்குள் மைக்கில் ஜனகராஜ் கனகலட்சுமியின் பெயரைச் சொல்லிவிட்டார். கனகா பின் குத்தாமலே முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு போனாள். வாசலில் திரும்பிப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

ஹம்சவேணி மேடையின் ஓரத்துக்கு ஓடினாள். முன் வரிசையில் வெங்கடேஷ்பாபு உட்கார்ந்திருந்தார். கனகா நடு மேடையில் கும்பிட்டுவிட்டு, கையை மேலே தூக்கி, மூச்சை இழுத்தாள். விலா முன்னால் பிதுங்கி வந்தது.

"கனகா, வேணாம்!"

மண்டபமே திரும்பிற்று. ஹம்சவேணி தன்னை அறியாமல் மேடைக்கு ஏறியிருந்தாள். "வேணாம்டீ. எனக்கு இடுப்பு போச்சு. ரெண்டு வருசமாப் போச்சு. எலும்பு நகந்துருச்சு. விரதமும் இல்ல, ஒண்ணும் இல்ல, பொய் சொன்னேன். ஒனக்கும் அதேதான் ஆகுது. வேணாம்."

வெங்கடேஷ்பாபு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். யாரோ 'ச்சூ' கொட்டினார்கள். ஜனகராஜ் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "ஏம்மா, என்ன இது? சின்னப் பொண்ணு பேரு வாங்குனா பொறுக்கலையா ஒனக்கு?" என்றார். மைக் சரியாக மூடப்படவில்லை. எல்லோருக்கும் கேட்டது.

கனகா கையை இறக்கவில்லை. கண் நிறைந்திருந்தது. "இன்னைக்கு ஒரு நாள் எனக்குக் குடுத்தா ஒங்களுக்கு என்னக்கா கொறஞ்சு போச்சு?" என்று தங்கள் வீட்டுச் சௌராஷ்ட்ராவில், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டு வளைந்தாள்.

அழகாகத்தான் வளைந்தாள், இல்லை என்று சொல்ல முடியாது. கை தரையைத் தொட்டது. மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். கை குதிகாலை நோக்கி நகர்ந்தது, பிடித்தது. இன்னும் தட்டினார்கள். இனி எழ வேண்டும். கனகா எழவில்லை. முழங்கால் மடிந்தது. மெதுவாக ஒரு பக்கமாகச் சரிந்து, பாயில் சுருண்டு, கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டாள். இதுவும் ஏதோ ஓர் ஆசனம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். "இதுக்கு என்னங்க பேரு?" என்று முன் வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

ஹம்சவேணி அவள் பக்கத்தில், தரையில், முகத்துக்கு முகம் வைத்துப் படுத்துவிட்டாள். கனகாவின் மேலுதடு வேர்த்திருந்தது.

"அக்கா, எந்திரிக்க முடியல."

"அசையாத. எந்திரிக்க வேணாம். எங்க வீட்டுக்காரரு ஆம்புலன்ஸக் கூப்பிடப் போயிருக்காரு."

"காலு எங்கருக்குன்னே தெரியலக்கா."

ஹம்சவேணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூச்ச வெளிய விடு. மெதுவா. விலாவுல இருந்து விடு. நான் இங்கதான் இருக்கேன்."

கனகா விட்டாள். விட்டுவிட்டு, வலியில் அரை மூடிய கண்ணால் அவளையே பார்த்தாள்.

"நெசமாவே ஒங்களுக்கும் வலிச்சிச்சா?"

"ஆமா."

"எங்கிட்ட ஏங்க்கா சொல்லல?"

"சொன்னா நீங்கள்லாம் வரமாட்டீங்கன்னு பயந்துட்டேன்டீ. பாவி, பயந்துட்டேன்."

கனகலட்சுமிக்கு அதைக் கேட்டு அழுகை வந்தது. அழுதால் இடுப்பில் குத்தியதால் அழவும் முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஒங்க கிட்ட வராம," என்றாள், "நான் வேற எங்கக்கா போகப்போறேன்?"